மணிகரண் வெந்நீரும் மாத்திரையும்

1/ இமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டம், மணிகரண். பார்வதி ஆற்றங்கரையில சீக்கியர்களின் குருத்வாரா. கொதிக்கிற ஊற்றுல பானையை இறக்கி, லங்கருக்கு அரிசி வேக வைக்கிறாங்க. யார் போனாலும் சாப்பாடு இலவசம்.

2/ குளிக்கிற இடத்துல சூடு குறைவுதான். ஆனாலும் வெந்நீர்ல ரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும். பிரஷர் மாத்திரை போடுறவங்க சட்டுனு எழுந்தா மயங்கி விழலாம்.

3/ சர்க்கரை நோயால கால் மரத்துப் போனவங்களுக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கூட வர்றவரை முதல்ல கையால சூடு பார்க்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல மெதுவா மேல ஏறிடுங்க.

4/ மூட்டுவலிக்கு வெந்நீர் இதம், உண்மைதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துறதுதான் தப்பு. சாமி கும்பிடுங்க, லங்கர்ல எல்லாரோடயும் தரையில உட்கார்ந்து சாப்பிடுங்க. சாப்பிட்டதும் மாத்திரையையும் போடுங்க.