‘ஏதோ ஒரு குருவி’

நம் சிறுகதைகளில் மலைக்காடு வந்தால் கூடவே ஒரு வாக்கியமும் வந்துவிடும்: பெயர் தெரியாத பறவை ஒன்று எங்கோ கூவியது. இதைக் கவித்துவம் என்று நினைத்துக்கொள்கிறோம். வெறும் சோம்பல் அது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது வெட்கக்கேடு.

அந்தப் ‘பெயர் தெரியாத’ பட்டியலில் முக்கியமான ஆள் பச்சைக் கதிர்குருவி. பத்து கிராம்கூடத் தேறாது. மங்கிய பச்சை முதுகு, வெளிறிய புருவக்கோடு. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்துவிடும். பெரிய அலகுக் கதிர்குருவியும் அதே காடுகளுக்கு வரும். இலைமறைவில் இரண்டையும் கண்ணால் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். காதுக்குச் சுலபம். முதலாவது வெடுக்கென்று ‘சிஸ்வீ’ என்னும். மற்றது இரண்டு சுரமாக விசிலடிக்கும், இரண்டாவது மேலே ஏறும்.

நம்ம ஆட்களோ பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். “படம் சரியா விழல, விடுங்க” என்று திரும்புகிறார்கள். 1768இல் இங்கிலாந்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், இதே இனத்தைச் சேர்ந்த மூன்று குருவிகளைத் தனித்தனி என்று கண்டுகொண்டது அவற்றின் பாட்டைக் கேட்டுத்தான். கேமராவே இல்லாத காலம்.

“அட, எந்தக் குருவியா இருந்தா என்ன சார்?” என்பார்கள். என்னவா? குளிர்காலத்தில் அது கூப்பிடுவது துணை தேடி அல்ல. ஒவ்வொரு பறவையும் தனக்கென்று கொஞ்சம் மரங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. “இது என் இடம், உள்ளே வராதே” என்பதுதான் அந்தக் குரல். அடுத்த வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வருபவையும் உண்டு. வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் வாசம். அதைப் போய் ‘விருந்தாளி’ என்று எழுதுகின்றன நாளிதழ்கள்.

எஸ்டேட்டில் நிழல்மரங்களை வெட்டும்போது “பறவைகள் பக்கத்து மரத்துக்குப் போய்க்கொள்ளும்” என்று சமாதானம் சொல்கிறோம். பக்கத்து மரத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அந்தக் குரலை அடையாளம் தெரிந்தவருக்கு மட்டுமே இது விளங்கும். மற்றவர்களுக்கு, ஏதோ ஒரு குருவி போய் இன்னொரு குருவி வந்தது, அவ்வளவுதான்.

காட்டைப் பற்றி எழுத உட்காருமுன் ஒரு மரத்தடியில் பத்து நிமிஷம் நின்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் விசாரியுங்கள். அதுகூட முடியாதென்றால், அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.