கை மரத்தில், மனம் எங்கே?



காய்ச்சல், கைவெட்டு, வயிற்றுவலி என்று வருகிறவர்களுக்கு மருந்து கொடுப்பது என் வேலை. ஆனால் மருந்துப் புட்டியில் அடங்காத ஒரு குறையோடும் பலர் வருகிறார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்லே டிரஸ்ஸர். மரத்துக்கிட்ட போனா மனசு ஓடலே. கடனேன்னு வெட்டிட்டு வர்றேன்" என்கிறார்கள். மண்டோர் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வேலையில் மனம் ஒன்றுவதும் ஒன்றாததும் சுகாதாரத்தைச் சேர்ந்த விஷயம் என்பதே என் கருத்து.

அதே தோட்டத்தில் வேறு சிலரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். இருட்டு எப்போது விலகியது என்றே அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக் கவலை அந்த நேரத்தில் கிட்டே வராது. வேலை முடிந்து வரும்போது உடம்பு களைத்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். அவர்களும் அதே பெரட்டுக்குத்தான் வருகிறார்கள், அதே சம்பளத்தைத்தான் வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் வாழ்ந்த மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற மனோதத்துவப் பேராசிரியர் இந்த நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். மலை ஏறுகிறவர், சதுரங்கம் ஆடுகிறவர், அறுவை மருத்துவர், தொழிற்சாலைத் தொழிலாளி என்று பலரிடமும் விசாரித்தார். மனம் வேலையில் லயிப்பதற்கு மூன்று காரியங்கள் முக்கியம் என்று அவர் கண்டார். செய்ய வேண்டியது இன்னது என்று தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினமும் நம் கைத்திறனும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். கடினம் கூடினால் பயம் வரும். திறமை கூடி வேலை லேசாகிவிட்டால் சலிப்பு வரும்.

இதை நம் பால்மர வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வெட்டுக்குப் பட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் சீவ வேண்டும். மேலோடு போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சரியாக வெட்டினால் அடுத்த நொடியே கோட்டில் பால் ஓடி மங்கில் சொட்டும். நல்லா வெட்டினியா இல்லையா என்று மரமே பதில் சொல்லிவிடுகிறது! செம்பனையிலும் அப்படித்தான். தரையில் கிடக்கும் உதிரிப் பழம்தான் மேலே குலை பழுத்ததைச் சொல்லும். ஆகவே நம் வேலை மனத்தை இழுத்துப் பிடிக்கக்கூடிய வேலைதான். பின் ஏன் பிடிப்பதில்லை?

முதல் காரணம், பழக்கம். 20 வருடம் வெட்டிய கை தூக்கத்தில்கூட வெட்டும். அப்படிப்பட்டவர்கள் வேலையைத் தாங்களே கொஞ்சம் கடினமாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை மரம் என்று எண்ணாதீர்கள். இந்த நிரையில் ஒரு மரத்திலும் காயம் படக்கூடாது, பட்டை ஒரே கனத்தில் சுருள வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு பந்தயம் வைத்துப் பாருங்கள். புதிதாக வந்தவர்கள் இதற்கு நேர்மாறாக, முதல் பத்து மரத்தை ஆற அமர வெட்டிக் கையைப் பழக்கட்டும்.

இரண்டாவது காரணம், உடம்பு. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும். நாலு மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பதினோரு மணி வரை கைப்பேசியைத் தேய்த்துவிட்டு, காலையில் மனம் ஓடவில்லை என்றால் எப்படி ஓடும்? வெறும் கோப்பியோடு போகாமல் ஏதாவது பசியாறிவிட்டுப் போங்கள். முதல் நாள் இரவு சம்சு குடித்த கையில் மறுநாள் உளி நிற்காது.

இன்னொன்றும் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லாருக்கும் வருவது. வெட்டுக் கோடு சரியாகத் தெரியாமல் கஷ்டப்பட்டு, "வேலை வெறுத்துப் போச்சு" என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது கண்ணாடி! பெண்களுக்கு ரத்தசோகை இருந்தால் நாலு மரத்துக்குள் மூச்சு வாங்கும், எதிலும் நாட்டம் இராது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக்கூடாது. சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவும் ஆளை இப்படித்தான் சோர்வாக்கும். வேலையில் மட்டுமல்ல, பிள்ளை, சாப்பாடு, கோயில், சினிமா எதிலும் இரண்டு வாரமாக மனம் ஒட்டவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. வெட்கப்படாமல் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மனம் ஒன்றியவனுக்குத் தாகம் தெரியாது. வெயில் ஏறிய பின் தாகத்துக்குக் காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். குலை வெட்டுகிறவர் தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பார்த்த பிறகே அரிவாள் கழியைத் தூக்க வேண்டும். கவனம் என்பது கத்தி முனையோடு நின்றுவிடக்கூடாது.

"மனசு ஒன்றினா சம்பளம் கூடுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கூடாது! 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டானது சட்டத்தால். யாருடைய முகமலர்ச்சியாலும் அல்ல. சம்பளத்தை மேசையில் பேசித்தான் வாங்க வேண்டும். 'சந்தோஷமாக வேலை செய்' என்று போதிக்கிற நிர்வாகத்துக்கும் நான் சொல்வது உண்டு. விளக்கு மங்கலாக இருந்தால், உளி மழுங்கியிருந்தால், நிரையைத் தினம் மாற்றினால், அவசரம் அவசரம் என்று முதுகுக்குப் பின்னால் விரட்டினால், எந்த மனிதனுக்கும் மனம் ஒன்றாது. அவசரத்தில் வெட்டுப்படுவது மரம் மட்டுமல்ல, விரலும்தான். நல்ல விளக்கும், நல்ல உளியும், நிலையான நிரையும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அப்படியானால் இதையெல்லாம் யாருக்காகச் சொல்கிறேன்? துரைக்காக அல்ல, உங்களுக்காகத்தான். நாளில் ஏழெட்டு மணி நேரம் மரத்தடியில் போகிறது. அந்த நேரத்தைச் சம்பளத்துக்கு விற்றுவிட்டோம் என்று பல்லைக் கடித்துக் கழித்தால், ஆயுளில் பெரும்பங்கைக் கழித்ததாகும். வேலைக்குக் கூலி தோட்டம் கொடுக்கும். வேலையில் கிடைக்கும் நிறைவு உங்கள் கையிலிருந்தே வருவது. அதை எந்தக் கிராணியும் கணக்கில் பிடிக்க முடியாது.

நாளைக் காலை முதல் மரத்தில் உளியை வைக்கும்போது, பால் கோட்டில் ஓடுவதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பிறகு அடுத்த மரத்துக்குப் போங்கள்.