வைப்பரையும் சோதியுங்கள்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. அதற்கு முந்தைய வெயில் மாதங்களில் வைப்பர் ரப்பர் காய்ந்து இறுகி, ஓரங்களில் வெடிப்பு விட்டிருக்கும். வெயிலில் அதை யாரும் கவனிப்பதில்லை. முதல் கனமழையில், இரவு நேரத்தில், எதிரே லாரி வரும்போதுதான் அது கண்ணாடியைத் துடைக்காமல் கோடு இழுப்பது தெரிகிறது.

ரப்பரை மாற்றினால் மட்டும் போதாது. டீசல் புகையும் சாலை எண்ணெயும் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதன் மேல் வைப்பர் ஓடினால், எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிதறிப் பரவும். சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடைத்தால் படலம் போய்விடும்.

உள்ளே படியும் மூட்டம் வேறு கதை. பயணிகளின் மூச்சிலும் நனைந்த உடையிலும் உள்ள ஈரம், மழையில் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாகிறது. பலர் கையால் துடைக்கிறார்கள், அழுக்குதான் பரவுகிறது. ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால், மழையிலும் அதைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். ஏசி இல்லாத பழைய பேருந்து ஓட்டுநருக்கு அந்த வசதியும் கிடையாது. அவர் ஒரு கையில் துணியோடு, ஐம்பது உயிர்களைச் சுமந்து ஓட்டுகிறார். இது ஏற்கத்தக்கதல்ல.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 வைப்பரைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. பரிசோதனையில் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பள்ளி வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்தச் சோதனையை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் முடிக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.