காவலுக்குக் கணக்கு வேண்டும்

காவலன் என்னும் சொல்லால் அரசனைக் குறித்தது தமிழ் மரபு. வரி கொள்ளும் உரிமையும், பிழை நேர்ந்தால் பதிலிறுக்கும் கடமையும் அச்சொல்லுள் ஒருங்கே அடங்கியிருந்தன. மதுரையில் காவல் பிழைத்த பாண்டியனை அவனுடைய அமைச்சரோ புலவரோ விசாரிக்கவில்லை. இழப்புக்குள்ளான பெண்ணொருத்தி, கையில் ஒற்றைச் சிலம்போடு வந்து கேட்டாள். கேட்பதற்கு அரண்மனை வாயில் திறந்தது. பிழை புலப்பட்டபோது மன்னனின் உயிர் தரிக்கவில்லை. சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை மாணவர்க்கு எடுத்துரையாமல் விடுவதில்லை.

இன்று அந்தச் சொல்லைப் பெருந்தொழில் நிறுவனங்கள் எடுத்து அணிந்துகொண்டுள்ளன. ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளில் தெளிந்த ஓடையின் படம். அதன் கீழே நீர்வளத்தின் பாதுகாவலர் என்னும் பட்டம். பட்டம் சூட்டியவர் யார்? நிறுவனமே. சான்று யாது? நிறுவனம் தேர்ந்தெடுத்த எண்கள். ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்வோர் வந்து கேட்க வாயில் உண்டா என்றால், விடை கிடைப்பது அரிது.

நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பினால் போதாதா என்போர், மலேசியச் செம்பனை ஆலைகளின் வரலாற்றைப் படித்தல் நலம். பழக்குலைகளை நீராவியில் வேகவைத்துப் பிழிந்து தெளியவைக்கும்போது, ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் சேர்கிறது. அது நஞ்சன்று. ஆயினும் அதிலுள்ள அழுகுபொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரின் உயிர்வளியை உண்டு தீர்த்துவிடும். மீன்கள் மூச்சற்று மடியும். அவ்வாறு செலவாகும் உயிர்வளியின் அளவு, சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவில் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரைப்போல் நூறு மடங்கு. 1970-களில் இக்கழிவு ஆறுகளில் கலந்தது. அந்த ஆறுகளை நம்பி மலாய்க் கம்பத்தாரும் தோட்டத்துத் தமிழரும் வாழ்ந்தனர்.

ஆற்றைத் தேற்றியது எது? 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977-இல் வந்த செம்பனை ஆலை விதிகளும். 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆயிற்று. உரிமக் கட்டணமும் கழிவின் சுமைக்கேற்ப விதிக்கப்பட்டது: டன்னுக்கு 10 ரிங்கிட், வரம்பு மீறிய சுமைக்கு 100 ரிங்கிட். தொழில் நலிந்து போகும் என்னும் அச்சமும் பொய்த்தது. அதே ஆறாண்டுகளில் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி இருமடங்கானது.

கழிவுநீர்க் குளங்களை அமைத்தும், கழிவின் சேற்றை உரமாக்கியும் வழி கண்டவர்கள் ஆலைப் பொறியியலாளர்களே அல்லரோ எனக் கேட்கலாம். அவர்களே, அப்பெருமையை மறுப்பது அறமாகாது. ஆயின் அந்த அறிவு ஆலைதோறும் வேலை செய்யத் தொடங்கியது, வரம்பும் கட்டணமும் வாயிலில் வந்து நின்ற பிறகுதான்.

இது பழங்கதையும் அன்று. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கரைப்பான் கழிவு கலந்து நாற்றமெடுத்தது. நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய்கள் வறண்டன. நீர்நிலையை மாசுபடுத்தியோர்க்கு அன்றிருந்த உச்ச அபராதம் 100,000 ரிங்கிட். 2024-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அதனை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. பாதுகாவலர் என்னும் பட்டங்கள் பெருகிய காலத்திலும் தண்டனையைக் கூட்ட வேண்டியிருந்தது ஏன் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

காவலர் எனப்பட விழையும் நிறுவனம் மூன்று செய்யட்டும். எடுத்த நீர் எவ்வளவு, விட்ட நீர் எவ்வளவு, அதன் தரம் யாது என்பதைக் கரையோர மக்கள் வாசிக்கும் இடத்தில், அவர்கள் வாசிக்கும் மொழியில் எழுதி வைக்கட்டும். அதனை அளப்பவர், அந்நிறுவனத்திடம் கூலி பெறாதவராக இருக்கட்டும். கீழ்க்கரையார் கேள்வி கேட்டால் குறித்த நாளுக்குள் விடை தரக் கடமைப்படட்டும். எங்கோ ஒரு குன்றில் மரம் நட்டு, இங்கே கெடுத்த ஆற்றுக்கு ஈடு காட்டுவது கணக்காகாது. அந்த மரத்தின் நிழல் இந்த ஆற்றின் மீனுக்கு மூச்சுத் தராது.

சொற்களுக்குக் காவல் இருக்க வேண்டியவர்கள் மொழியாசிரியர்களும் மாணவர்களும். விளம்பரத் தாளில் ஒரு நல்ல தமிழ்ச்சொல் பொருளிழந்து கிடப்பதைக் கண்டால், அதனை மீட்பதும் மொழிப்பணியே. கேட்பவர்க்கு வாயில் திறப்பவனே காவலன். திறவாத வாயிலில் நிற்பவன் காவல்காரன்; அவன் காப்பது ஆலையை, ஆற்றை அன்று.