சொட்டு மருந்து தந்த சுகம்

போன இதழில் சமையலறைத் தீக்காயத்தைப் பற்றி எழுதும்போது, என் கண் கதையைப் பிறகு சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சகோதரிகள் சிலர் விடாமல் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

2022 மாசியில் எனக்குக் கண் அரிப்பு. தேய்த்துத் தேய்த்து இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. பக்கத்துத் தெரு கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "அலர்ஜிம்மா" என்று ஒரு சொட்டு மருந்து எழுதினார். மூன்றே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. கைராசிக்காரர் என்று நாலு பேரிடம் நானே சொன்னேன்! நிறுத்தினால் மறுபடி அரிக்கும். போய்க் காட்டினால், "அதையே போடுங்க" என்பார். சீட்டில் 'தொடரவும்' என்று கிறுக்குவார். இப்படியே பத்து மாதம்.

மார்கழியில் ஒரு நாள் தலைக்குக் குளிக்கும்போது வலது கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது. அதை இறுக்கி மூடிக்கொண்டு இடது கண்ணால் சொம்பைத் தேடுகிறேன், காணோம். தலையைத் திருப்பினால் அங்கேயே இருக்கிறது. மூக்குப் பக்கமாக இருந்தது எதுவுமே அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுமாம்.

டாக்டரிடம் ஓடினேன். "சீயக்காய் பட்டா மங்கலாத்தான் இருக்கும்" என்றார்.

"பட்டது வலது கண் டாக்டர். தெரியாதது இடது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி சார்" என்று சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். (அந்தச் சிரிப்புக்கு எங்கள் வீட்டில் இன்னும் கணக்குத் தீரவில்லை.)

நாத்தனார்தான் வேறொரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர், "போடற மருந்தை எல்லாம் எடுங்க" என்றார். பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது. கண் அழுத்தம் பார்த்தார். இடதில் 38, வலதில் 30. சாதாரணமாக 10 முதல் 21 வரைதான் இருக்கும்.

நான் போட்டது ஸ்டீராய்டு மருந்து. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறிவிடும். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். பெரும்பாலும் வலி இருக்காது. கிளாக்கோமா என்பது இதுதான். "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றார். வேறு சொட்டு மருந்து எழுதுவதற்கு முன்னால், "ஆஸ்துமா, இளைப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அது இருப்பவர்களுக்கு அந்த மருந்து ஆகாதாம். கேட்பதற்குக் கால் நிமிஷம் கூட ஆகவில்லை.

ஸ்டீராய்டின் மேல் எனக்குக் கோபமில்லை. கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அது வேண்டும்; என் கதையைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பாட்டிலில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசலோன் என்ற பெயர் இருந்தால், எத்தனை நாள் போடணும், அழுத்தம் எப்போ பார்ப்பீங்க என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்து மாதத்தில் என் டாக்டர் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நீங்களா கடையில வாங்கிப் போட்டிருப்பீங்க" என்றார். மளிகைக் கணக்கு நோட்டுக்குள் நாலு சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தேன். நாலிலும் 'தொடரவும்' இருக்கிறது, அவர் கையெழுத்தோடு.

கட்டணம் வாங்கும் டாக்டரின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். நம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதி. நானும் மாவட்ட ஆணையத்தில் மனுப் போட்டேன். வாய்தா மேல் வாய்தாவாக நடக்கிறது. சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே வருகிறவர் என் கணவர்தான்.