ஊரறிந்த வைத்தியர்

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர். அவருள் ஒருவரைப் பற்றிப் பேச்செழுந்தால், “அவர் எந்நோய்க்கு நிபுணர்?” என்றே முதலில் வினவுகின்றோம். “பொது வைத்தியர்” என்று விடை வரின் வினவியவர் முகம் வாடுகின்றது. இவ்வழக்கம் நன்றன்று என்பதே என் கருத்து.

இன்று முதியோர் ஒருவர்க்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டு வருத்தமும் ஒருங்கே இருத்தல் இயல்பு. அவர் ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு கிளினிக்கிற்குச் சென்று, ஒவ்வொரு கொப்பியைக் காட்டிக் கைநிறைய மாத்திரையுடன் மீள்கின்றார். அம்மருந்துகள் தம்முட் பொருந்துமா, வீட்டில் அவரைப் பேணுவார் உளரா என்பவற்றை ஒருங்கே நோக்குவார் வேண்டுமன்றோ? அதுவே பொது வைத்தியர் பணி. நெடுந்தீவு போன்ற இடங்களில் இப்பணி இன்னும் பெரிது. அங்குள்ளார் நிபுணரைக் காண முதலிற் படகேற வேண்டும்.

இத்தகைய வைத்தியரைப் பெரிய வைத்தியசாலையின் விடுதிகளில் மாத்திரம் உருவாக்கல் அரிது. அங்கே நோயாளர் சில நாளில் வீடு திரும்புவர். பின்னர் அவர்க்கு நேர்ந்ததை மாணாக்கர் அறியார். ஊரிலே நெடுநாள் தங்குவோரோ, கருவுற்ற தாயைக் கண்டு, பின் அவள் பெற்ற குழந்தையையும் காண்பர். நீரிழிவுடையார் மருந்தை இடையில் விட்டது மறதியாலா, பஸ்ஸிற்குக் காசின்மையாலா என்பதையும் அறிவர்.

ஊரிற் பயின்றோர் கல்வியிற் பின்னிற்பர் என அஞ்சுவாரும் உளர். அவுஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டிலே மாணாக்கர் சிலரை ஓராண்டு முழுவதும் நாட்டுப்புறக் குடும்ப வைத்தியரிடம் பயிற்றத் தொடங்கிற்று. அவர்கள் பரீட்சையில் நகரிற் பயின்றோர்க்குக் குறைந்தாரல்லர்.

நம் மண்ணிற்கும் இந்நோக்கம் புதிதன்று. மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 1848ஆம் ஆண்டிலே மாணாக்கரைப் பயிற்றத் தொடங்கினார். பின்னர்த் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். தமிழிற் கற்றோர் தம் ஊரார் நடுவே தங்கித் தொழில் புரிவர் என அவர் எண்ணினார். சமயத்தால் நம்மின் வேறுபட்டவரேனும், அவர் கண்ட உண்மை நமக்கும் உரியதே.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு என ஊரார் தம் வருத்தத்தைப் பிரித்துரைப்பர். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்கும் இளைஞர் இவற்றின் வேறுபாட்டை எந்நூலிற் கற்பர்? ஊராரிடமே கற்றல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சமுதாய, குடும்ப மருத்துவத்திற்கெனத் துறையொன்று உண்டு. அத்தகைய துறைகளின் வழியே, மாணாக்கர் சில மாதமேனும் தொடர்ந்து ஓரூரில் உறைந்து பயில வழி செய்தல் வேண்டும். அவர்க்குத் தங்குமிடமும், கற்பிக்க ஓய்வுடைய வைத்தியரும் இன்றியமையாதன. ஊர்களிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் அவர்களைத் தம்மிடம் ஏற்றுப் பயிற்றுவாராக. பெற்றோரும் ஆசிரியரும் ஊர் வைத்தியரை நிபுணரோடு ஒப்ப மதிப்பாராக. மதிப்பில்லாத பணிக்கு நம் பிள்ளைகள் எங்ஙனம் விரும்பிச் செல்வர்?