காருக்கு மாடி, கூடைக்கு லாரி

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சுமார் 135 சதுர அடி. பூ விற்கும் ஒரு அம்மாவுக்கு நாலடிக்கு மூன்றடி போதும், 12 சதுர அடி. ஒரு கார் அடைக்கும் இடத்தில் பதினொரு பேர் பிழைக்கலாம். ஆனால் மாநகராட்சியின் மொழியில் கார் நின்றால் அது ‘பார்க்கிங்’, கூடை இருந்தால் ‘ஆக்கிரமிப்பு’.

தி.நகர் பாண்டி பஜாரை எடுத்துக்கொள்வோம். 2013-ல் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை ஒரு வணிக வளாகத்துக்குள் ஏற்றினார்கள். நடந்துபோகிறவர்கள் கண்ணில் பட்டு, நின்று, பேரம் பேசி வாங்கும் வியாபாரம் அது. அதை மாடிப்படி ஏற்றினால் என்ன ஆகும் என்று எந்த வியாபாரியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். 2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி நிதியில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பிறகு பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் சுமார் 40 கோடி ரூபாயில் பல அடுக்கு வாகன நிறுத்தம். 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிற்கலாம். மாடி ஏறினால் வியாபாரிக்குப் பிழைப்பு போகும், கார் பத்திரமாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து!

நடைபாதை அகலமானதை நான் எதிர்க்கவில்லை. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகிற நடைபாதை எல்லாத் தெருவுக்கும் வேண்டும், நம் சேரித் தெருக்களுக்கும்தான். என் கேள்வி, அது யாருக்காக அகலமாகிறது என்பது.

“வியாபாரிகள் இருந்தால் மக்கள் எப்படி நடப்பது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு 2014-லேயே சட்டம் பதில் சொல்லிவிட்டது. தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும். அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒருவர் பெண், பட்டியல் சாதியினருக்கு உரிய இடம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, காலையில் லாரியோடு வந்து தராசை அள்ளிப்போவது எந்தப் பிரிவின் கீழ்?

தெரு நமக்குச் சும்மா கிடைத்ததல்ல தோழர்களே. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதியில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. அதே 1924-ல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானம் ஆதிதிராவிட உறுப்பினர்களின் முயற்சியால் நிறைவேறியது. அன்று சாதியின் பெயரைச் சொல்லித் தடுத்தார்கள். இன்று ‘அழகு’, ‘போக்குவரத்து’ என்கிறார்கள். நடைபாதை வியாபாரிகள் எல்லோரும் தலித்துகள் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் கடை வாடகைக்கு எடுக்கச் சொத்தோ ஜாமீனோ இல்லாதவர்கள் யார், ஏன் இல்லை என்று கேட்டுப்போனால் சாதியில்தான் போய் நிற்பீர்கள்.

அந்த மினுங்கும் கற்களைக் கூட்டுவது யார்? 2025 ஆகஸ்டில், 5, 6 ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம் பெண்கள். அனுமதி இல்லாத இடம் என்று நீதிமன்ற உத்தரவு வந்தது. 13 ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிச் சென்றது. நடைபாதையைக் கூட்டலாம், அதில் உட்கார்ந்து கேட்கக் கூடாது.

நடு நகரத்தில் கூவம், அடையாறு கரைகளில் இருந்த நம் மக்களை இருபது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணகி நகரில் 200 சதுர அடியைத் தொடாத வீடுகள் உண்டு. ஒரு காருக்கான 135-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து தி.நகருக்கு வேலைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் கேட்கவில்லை, விடியற்காலையில் பஸ் கேட்கிறார்கள்.

அடுத்து உங்கள் ஊர்க் கடைவீதியை ‘மேம்படுத்த’ திட்டம் வரும். மதுரையோ கோவையோ, வரைபடம் வெளியானதுமே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் பட்டியல் சாதி உறுப்பினர்கள் யார், கணக்கெடுப்புப் பட்டியல் எங்கே, கூட்டுகிறவர்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் அந்த வரைபடத்தில் எந்த இடத்தில் என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். டெண்டருக்கு முன்னால் கேளுங்கள், கல் பதித்த பிறகு அல்ல.